பேரிங் ஞாயிறு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பதை இனி மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றிவிட வேண்டும். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மீட்டர்காரர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

அவருக்கு உத்தியோகம், வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற மீட்டர், நாய் காவல் காக்கிற மீட்டர், எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரருக்கே மறந்துபோன மீட்டர், எல்லாவற்றுக்கும் குனிந்தாக வேண்டும். இப்படி ஆறு நாள் குனிந்த முதுகு ஏழாவது நாள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். யாரும் "என்னங்க" என்று கூப்பிடாத ஓர் இடத்தில், மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு தூக்கம்.

வீட்டில் அதற்கு வழியில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே அவர் மனைவி செடி நர்சரி வைத்திருந்தாள். ஞாயிறு என்றால் தொட்டியை நகர்த்துங்க, மண்ணைச் சலிங்க, குழாயை இழுங்க என்று வரிசையாக வரும். அந்த வரிசையிலிருந்து தப்பிக்க நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதன் பெயர் பேரிங்.

நர்சரிக்கென்று ஒரு சின்ன டிரெய்லர் இருந்தது. இரண்டு சக்கரம், மேலே ஒரு இரும்புத் தட்டு. மனைவி தன் வேனுக்குப் பின்னால் அதை மாட்டிக்கொண்டு செடிகளை ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பாள். டிரெய்லர் சக்கரத்துக்குள் பேரிங் என்று ஒன்று உண்டு, அதை அவ்வப்போது கழற்றி கிரீஸ் வைக்காவிட்டால் நடுரோட்டில் காலை வாரிவிடும் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தது மீட்டர்காரர் காதில் விழுந்தது. அது மட்டும்தான் உண்மை. அது நாலு மணி நேர வேலை, நடுவில் ஆள் வந்தால் தூசி பறக்கும், தூசி பட்டால் பேரிங் போச்சு, ஆகவே ஷெட் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் சொந்தச் சரக்கு.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சாப்பிட்ட கையோடு ஷெட்டுக்குள் போவார். கதவைத் தாழிடுவார். டிரெய்லருக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் இரும்புக் கட்டிலைப் பிரிப்பார். டிரெய்லர் பக்கம் ஒரு மரியாதைக்காகக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். நாலரை மணிக்கு எழுந்து கிரீஸ் டப்பாவில் இரண்டு விரலை விட்டு முழங்கையில் ஒரு தீற்று, நெற்றியில் ஒரு கோடு. பிறகு "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வருவார். வெந்நீரும் டீயும் தயாராக இருக்கும்.

"பாவம், எவ்வளவு கஷ்டப்படறீங்க" என்பாள் மனைவி.

அப்போது மட்டும் அவர் மனசாட்சி லேசாகக் கிள்ளும். டீ நன்றாக இருக்கும், ஆகவே குடித்துவிடுவார்.

ஆரம்பத்தில் அந்தக் கட்டில் கொஞ்சம் படுத்தியது. புரண்டால் கிறீச், காலை நீட்டினால் கிறீச். சில மாதத்தில் அதுவே அடங்கிவிட்டது. தான் படுக்கிற பக்குவத்தில்தான் அடங்கியது என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. அதைவிடப் பெரிய பெருமை, இந்த நாலு வருஷத்தில் டிரெய்லர் சக்கரம் ஒரு சின்னச் சத்தம்கூடப் போட்டதில்லை என்பது. நாளாக ஆக, அதுவும் தன் கைராசிதான் என்று பாதிக்குமேல் நம்ப ஆரம்பித்திருந்தார்.

அந்தத் தைரியத்தில்தான் மூன்று மாதத்தை ஒரு மாதமாக்கும் முடிவு. டிபன் சாப்பிடும்போது அறிவித்தார்.

"இந்தாம்மா, நான் ஒண்ணு யோசிச்சேன்."

"சொல்லுங்க."

"பேரிங்கை மூணு மாசத்துக்கு ஒரு தரம் பாக்கறது பத்தாது. லோடு ஜாஸ்தி ஆயிடுச்சு. இனிமே மாசா மாசம்."

எதிர்ப்பு வரும் என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தார். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"நல்ல யோசனைங்க. மாசா மாசமே பண்ணுங்க" என்றாள் மனைவி. அவள் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. புதன்கிழமை பெரிய தொட்டி ஒன்றைத் தூக்கும்போது சுளுக்கிக்கொண்டது.

"கதவைச் சாத்திட்டுத்தான் பண்ணுவேன்."

"தாராளமா. இன்னிக்கு மட்டும் திறந்தே இருக்கட்டும். எங்க அண்ணா வர்றார்."

"வரட்டுமே. ஹால்ல உக்காரட்டும்."

"உக்கார வரலைங்க. அவர் டிரெய்லர்ல வலது சக்கரம் அலறுதாம். பேரிங் போச்சு, புதுசு மாத்தணும். நம்ம வீட்டுலயே ஒரு எக்ஸ்பர்ட் இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்னு நான்தான் வரச் சொன்னேன்."

மீட்டர்காரர் வாய்க்குக் கொண்டுபோன டீயைத் திரும்பக் கீழே வைத்தார்.

அவள் அண்ணன் விசேஷங்களுக்கு நாற்காலி மேஜை வாடகைக்கு விடுகிறவர். ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. ஓர் ஊரில் பார்த்ததை அடுத்த ஊரில் நாற்காலி இறக்கும்போது சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் முன்னால் குட்டு உடைந்தால், சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்க மீட்டர்காரரை எண்ணிச் சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷெட் போய்விடும், கட்டில் போய்விடும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அடியோடு போய்விடும்.

பத்து மணிக்குத் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தகரத்தை யாரோ பல்லால் கடிப்பது போல ஒரு கர்ர்ர். மச்சான் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை! உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். நாளைக்குக் காலையில இருநூறு நாற்காலி போகணும்."

"மச்சான், செஞ்சுடலாம், அதுக்கென்ன. ஆனா பாருங்க, ஞாயித்துக்கிழமை. பேரிங் கடை பூட்டியிருக்கும்."

"நேத்தே வாங்கிட்டேன்" என்று மச்சான் ஒரு பையை நீட்டினார்.

"சீல்?"

"அதுலயே இருக்கு."

சீல் என்றால் என்னவென்று மீட்டர்காரருக்குத் தெரியாது. அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருந்தார், அவ்வளவுதான். பைக்குள் எட்டிப் பார்த்து, தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

"ஜாக்கிதான் எங்கே வெச்சேன்னு..." என்று ஆரம்பித்துக் கிழக்கு மூலையில் தேடினார்.

"மேற்கு மூலையிலங்க. சாக்குக்கு அடியில" என்றாள் மனைவி.

"இடுப்பு வேற ரெண்டு நாளா பிடிச்சிருக்கு. குனிய முடியல."

மனைவி செடி நடும்போது தான் உட்காரும் குட்டை முக்காலியைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு எதிரே போட்டாள்.

"குனிய வேண்டாம். உக்காந்தே செய்யுங்க."

இனி சாக்கு எதுவும் கைவசம் இல்லை. மீட்டர்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார்.

முதல் வேலையாக ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். அது சுலபமாக நடந்தது. பிறகு ஸ்பேனரைச் சக்கர நட்டில் மாட்டி இழுத்தார். சக்கரம் சுற்றியது. மறுபடி இழுத்தார், மறுபடி சுற்றியது. நட்டு மட்டும் அசையவில்லை. சக்கரத்தை ஒரு காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டு இழுத்தார். இந்தத் தடவை சக்கரத்தோடு அவரும் முக்காலியில் பாதி சுற்று சுற்றினார்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்றார் மச்சான்.

"டெஸ்ட் பண்றார் அண்ணா" என்றாள் மனைவி, கொஞ்சமும் தயங்காமல். "அவர் எப்பவும் சொல்வார். முதல்ல சக்கரத்தைத் தூக்கு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு, ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. அப்புறம் இறக்கிடு. சக்கரம் தரையில இருக்கும்போதுதான் நட்டைத் தளர்த்தணும். அதுக்கப்புறம் மறுபடி தூக்கு, அடியில ஒரு கட்டையும் குடு. இல்லீங்க?"

மீட்டர்காரர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

"அதேதான்" என்றார்.

சக்கரம் கழன்றது. நடுவில் குண்டாக ஒன்று, அதன் முகத்தில் ஒரு தகர மூடி. ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது போல அதைத் திருகிப் பார்த்தார். துணி வைத்துத் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"பாத்தீங்களா அண்ணா, திருகினா வராதுன்னு உங்களுக்குக் காட்டறார்" என்றாள் மனைவி. "ஸ்க்ரூ டிரைவரை விளிம்புல வெச்சுச் சுத்தி சுத்தித் தட்டினா தானா வந்துடும்னு சொல்வார். இந்தாங்க சுத்தியல்."

தட்டினார். தானாக வந்தது.

அதற்குள்ளே ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே காட்டர் பின் என்று ஒரு கம்பி. வளைந்திருந்த அதன் காலைக் குறடால் நிமிர்த்தி உருவச் சொன்னாள். அதாவது, அப்படி உருவ வேண்டும் என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்ததாகச் சொன்னாள். உருவினார். நட்டைக் கழற்றினார். அந்தக் குண்டைப் பிடித்து இழுக்கப் போனார்.

"உள்ளங்கையை வெச்சு ஏந்திக்கணும்னு சொல்வீங்களே!"

சரியான சமயத்தில் கையை வைத்தார். பேரிங் நழுவி உள்ளங்கையில் உட்கார்ந்தது. நாலு வருஷமாகத் தன் தூக்கத்தைக் காப்பாற்றி வந்த அந்த வஸ்துவை அன்றுதான் மீட்டர்காரர் முதல் முறையாக நேரில் பார்த்தார். சின்னச் சின்ன உருளைகள் வட்டமாகக் கைகோத்து நின்றன. கிரீஸ் காய்ந்து, நிறம் நீலம் பாரித்து, ஓர் உருளையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது.

"ஐயோ பாவம்" என்றார். இது மட்டும் அவர் உண்மையாகச் சொன்னது.

பின்பக்கம் கிரீஸ் கசியாமல் அடைத்திருந்த ரப்பர் வளையமான சீலைப் பெயர்த்து, உள் பேரிங்கையும் எடுத்தாயிற்று. மீட்டர்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுப் பேரிங்கை எடுத்து நேராக உள்ளே வைக்கப் போனார்.

மனைவி இருமினாள்.

"கப்பு" என்றாள்.

"டீயா? அப்புறம் குடிக்கலாம்."

"அந்தக் குண்டுக்குள்ள ஒட்டிட்டு இருக்கே, அந்த வளையம். பேரிங்கும் கப்பும் ஜோடியா வர்றது, புதுப் பேரிங்கைப் பழைய கப்புல விட்டா ஒரே மாசத்துல ரெண்டும் நாசம்னு போன வருஷம் என்கிட்ட ஒரு மணி நேரம் சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? மச்சானுக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்றார் மீட்டர்காரர். "தெரியல, பாத்தியா?"

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

பழைய கப்பை இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று இறக்கி, புதுக் கப்பை நேராக உட்கார வைத்தார்கள். அப்புறம் கிரீஸ். மனைவி தன் இடது உள்ளங்கையில் ஒரு உருண்டையை எடுத்து எப்படி என்று காட்டினாள். உள்ளங்கையில் கிரீஸ், அதன்மேல் பேரிங்கின் விளிம்பை அழுத்தி அழுத்திச் சீவ வேண்டும். மேலே பூசினால் போதாது, அடியில் ஏறி மறுபக்கம் வர வேண்டும்.

மீட்டர்காரர் சீவினார். ஐந்தாவது சீவலில் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் சின்னச் சின்னப் புழுவாகத் தலை நீட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிச் சுற்றிச் சீவினார். எல்லா இடுக்கிலிருந்தும் எட்டிப் பார்த்தது. முழங்கைவரை கிரீஸ். இந்த முறை யாரும் தீற்றிவிடவில்லை, தானாக ஒட்டியது.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டி, கடைசியில் நட்டு. தன் பலத்தைக் காட்ட இதுதான் சமயம் என்று ஸ்பேனரில் தொங்கினார்.

"அவ்வளவு இறுக்கினா சுத்துமா மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

"சக்கரத்தைச் சுத்திக்கிட்டே முதல்ல இறுக்குவார், எல்லாம் ஒழுங்கா உக்காரணும்ல?" என்றாள் மனைவி. "அப்புறம் தளர்த்திடுவார். அப்புறம் வெறும் விரலால எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவுதான். அதுக்கு மேல புதுக் காட்டர் பின்."

"அடுத்து அதைத்தான் செய்யப் போறேன்" என்றார் மீட்டர்காரர், தளர்த்திக்கொண்டே.

சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டார். சுற்றியது. சத்தமே இல்லை. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல, நின்றால் நிற்கிறேன் என்கிற மாதிரி நின்றது. மீட்டர்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அடுத்தவர் வீட்டு மீட்டர் முள் ஓடியதைக் குறித்தே பழகிய கை. இப்போது அந்தக் கையே ஒன்றை ஓட வைத்திருந்தது.

"பேரிங்குக்கும் ஒரு மனசு இருக்கு மச்சான்" என்றார் பரவசமாக. "அதைப் புரிஞ்சு நடந்துக்கணும்."

மனைவி இன்னொரு முறை இருமினாள்.

"நீங்க மீட்டர் பாக்க வேண்டிய ஆளே இல்ல, மாப்பிள்ளை" என்று மச்சான் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். வேனில் ஏறியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தங்கச்சிகிட்டயும் நீங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. ரெண்டு டிரெய்லரும் ஒரே இடத்துல வாங்கினதுதானே? பேரிங் நம்பரை மனப்பாடமா ஃபோன்ல சொன்னா. சீல் சேத்து வாங்கு, காட்டர் பின் புதுசு வாங்கு, பழசைத் திரும்பப் போடாதேன்னு ஒவ்வொண்ணா சொன்னா."

"ஆமா, நான்தான்..." என்று இழுத்தார் மீட்டர்காரர். அவர் எந்த நம்பரையும் யாரிடமும் சொன்னதில்லை.

டிரெய்லர் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. மீட்டர்காரர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஷெட்டுக்குள் போய், அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். திறந்தார். உள்ளே முழுக்க வளைந்து நெளிந்த பழைய காட்டர் பின்கள்.

வருஷத்துக்கு நாலு தடவை, தடவைக்கு இரண்டு சக்கரம், நாலு வருஷம். எண்ணிப் பழகிய மூளை, முப்பத்திரண்டு என்று விடை சொன்னது.

"எப்போலேருந்து?" என்றார்.

"நீங்க முதல் தடவை சர்வீஸ் பண்ணின அடுத்த வாரத்துலேருந்து. செடியோட போறேன், சக்கரத்துலேருந்து புகை. ஒரு லாரி மெக்கானிக் நிறுத்திப் பாத்தார். யாரும்மா கடைசியா இதைத் திறந்ததுன்னு கேட்டார். என் வீட்டுக்காரர் போன ஞாயித்துக்கிழமைதான் நாலு மணி நேரம் உக்காந்து பண்ணினார்னு சொன்னேன். அந்த மனுஷன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்புறம் உக்கார வெச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தார். அதுலேருந்து நீங்க ஞாயித்துக்கிழமை பண்ணுவீங்க, நான் திங்கக்கிழமை பண்ணுவேன். நாப்பது நிமிஷம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"எதுக்கு? நீங்க ஷெட்டுக்குள்ள இருந்தா என் கண்ணாடி எங்கே, சீப்பு எங்கே, இந்த பட்டன் எப்போ பிஞ்சதுன்னு கேக்க வீட்டுல ஆள் இல்ல. எனக்கும் அந்த ஞாயித்துக்கிழமைதான் ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுப் படுத்தா நாலரை வரைக்கும் தூங்குவேன். நீங்க 'அப்பாடா'ன்னு வர்றதுக்குள்ள எழுந்து டீ போடணும், அது ஒண்ணுதான் கஷ்டம்."

மீட்டர்காரர் டப்பாவை மூடினார். அசடு வழிந்தது. கூடவே, அவருக்கே ஆச்சரியமாக, ஒரு நிம்மதியும் இருந்தது. நாலு வருஷமாகச் சுமந்த பொய் இறங்கியதில் முதுகுகூட லேசாகிவிட்ட மாதிரி தோன்றியது.

"அப்போ இன்னிக்கு உங்க அண்ணாவை வரவழைச்சது?"

அவள் கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையால நட்டைத் திருப்ப முடியாது. செவ்வாய்க்கிழமை எனக்கு லோடு இருக்கு. நேரா கேட்டா, கதவைச் சாத்தித் தூங்கிட்டு, சர்வீஸ் பண்ணிட்டேன்னு சொல்லிடுவீங்க. அண்ணா எதிர்ல இருந்தா சொல்ல முடியாது பாருங்க. இப்போதான் கத்துக்கிட்டீங்களே. சாப்பிட்டுட்டு நம்மளோடதைப் பண்ணுங்க, ரெண்டு சக்கரம். மாசா மாசம்னு நீங்களே வேற சொல்லிட்டீங்க."

"அப்போ... தூக்கம்?" என்றார், குரல் இறங்கி.

"நாப்பது நிமிஷம்தானே வேலை? மிச்ச நேரம் தூங்குங்க. நாலரைக்கு முன்னாடி மட்டும் வெளியில வந்துடாதீங்க."

சாப்பிட்டார். ஷெட்டுக்குள் போனார். இரண்டு சக்கரத்தையும் அவரே கழற்றி, அவரே சீவி, அவரே மாட்டினார். ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. சுற்றிவிட்டு, சத்தமில்லாததைக் கேட்டு ரசித்தார். பிறகு கட்டிலைப் பிரித்துச் சாய்ந்தார். எல்லாம் போனாலும் ஒரு பெருமை மட்டும் மிச்சம் இருந்தது. ஷெட்டுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பெருமையை ஜன்னல் வழியாக அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இந்தாம்மா, முழிச்சிருக்கியா? நீ பெரிய கில்லாடிதான், ஒத்துக்கறேன். ஆனா இந்த இரும்புக் கட்டில்ல நாலு வருஷமா ஒரு கிறீச் சத்தம்கூட வராம படுத்து எழுந்திருக்கேன் பாரு, அந்தப் பக்குவம் உனக்கு வராது."

அந்தப் பக்கம் ஒரு பெரிய கொட்டாவி கேட்டது.

"அதுக்கும் நான்தாங்க கிரீஸ் வெச்சேன். நீங்க புரளும்போதெல்லாம் என் தூக்கம் கெட்டுச்சு."